பரீட்சையில் பெண் முந்துவதும் பிந்துவதும்

ஆண்டுதோறும் மே மாதத்தில் பள்ளி இறுதிப் பரீட்சை முடிவுகள் வெளிவருகின்றன. மறுநாள் பத்திரிகையைப் பிரித்தால், நாட்டின் பெரும்பாலான மாநிலங்களிலிருந்து வரும் செய்தி ஒன்றாகவே இருக்கின்றது. மாணவர்களைக் காட்டிலும் மாணவியர் அதிக விகிதத்தில் தேறியுள்ளனர் என்பதே அச்செய்தி. 2025-ஆம் ஆண்டு, சி.பி.எஸ்.இ. எனப்படும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் மாணவியருள் நூற்றுக்கு 91.64 பேரும், மாணவருள் நூற்றுக்கு 85.70 பேரும் தேறினர். அதே ஆண்டில் தமிழ்நாட்டு மேல்நிலைப் பரீட்சையில் மாணவியர் 96.70, மாணவர் 93.16. மகாராஷ்டிரத்தில் மாணவியர் 94.58, மாணவர் 89.51. ஓராண்டு மட்டும் நிகழ்ந்த அதிசயமன்று இது. பல ஆண்டுகளாகத் தொடர்ந்து காணப்படுவது.

இச்செய்தி நம் குடியிருப்புகளில் படிக்கப்படும்போது எழும் பேச்சை அன்பர்கள் அறிவார்கள். "பெண் பிள்ளைகள் உருப்போட்டு எழுதுகிறார்கள், மார்க்கு வந்துவிடுகிறது. கணக்கும் பௌதிகமும் என்று வந்தால் பையன்தான்" என்பார் ஒருவர். தம் கூற்றுக்குச் சான்றாக அவர் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வைக் காட்டுவார். அவர் காட்டும் கணக்கும் பொய்யன்று. 2024-ஆம் ஆண்டு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றவர் 48,248 பேர். அவர்களுள் பெண்கள் 7,964 பேரே. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

பள்ளிப் பரீட்சையில் முந்திய பெண், இரண்டொரு வாரத்தில் எழுதும் மற்றொரு தேர்வில் பிந்துவது ஏன்? கல்லூரியின் வாசலைக் காணாமல், பத்தாம் வகுப்புடன் இரயில்வேயில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தரான நமக்கு இதனை ஆராயும் புலமை ஏது என்று கேட்கலாம். ஆயினும், எண்களை நிரையிட்டுக் கூட்டிச் சரிபார்ப்பது நமது அன்றாட அலுவல். இந்த எண்களையும் அவ்வாறே சரிபார்க்க முயல்கின்றோம். மாதச் சம்பளத்தில் எப்பிள்ளைக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை நம் வீடுகள் பலவும் இந்த எண்களைக் கொண்டே தீர்மானிப்பதால், இம்முயற்சி வீணாகாது என நம்புகின்றோம்.

மூளையில் வேற்றுமை உண்டா?

முதலாவது, மூளையைப் பற்றிய கேள்வி. கணிதத்தில் ஆண், பெண் இருபாலாரின் திறன் குறித்து உலகெங்கும் அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவில் ஜேனட் ஹைட் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் பத்து மாநிலங்களில் எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவரின் கணிதத் தேர்வுகளை ஒப்பிட்டு, 2008-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். சராசரியில் இருபாலாருக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை.

சராசரி கிடக்கட்டும், உச்சியில் நிற்போரைப் பாருங்கள் என்று சிலர் கூறுவர். அதற்கும் விடை உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், பதின்மூன்று வயது நிரம்புமுன்பே கல்லூரி நுழைவுக்குரிய கணிதத் தேர்வை எழுதி மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற சிறுவர்களைக் கணக்கிட்டனர். பெண் ஒருத்திக்கு ஆண்கள் பதின்மூவர் என்ற நிலை அன்று இருந்தது. அதனைக் கண்டு, இது இயற்கையின் நியதி என்று பலரும் முடிவு கட்டினர். ஆனால் கால் நூற்றாண்டுக்குள் அவ்விகிதம் ஏறக்குறைய நால்வருக்கு ஒருத்தி என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளில் மனிதரின் மூளை மாறுவதில்லை. பள்ளிகள் மாறின, பெற்றோரின் எண்ணம் மாறியது, சிறுமியரைக் கணித வகுப்பில் அமர்த்தும் வழக்கம் பெருகியது.

வேற்றுமை எங்குமே இல்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. பல நாட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகளைச் சோதிக்கும் பிஸா தேர்வில், 2022-ஆம் ஆண்டு, பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் சராசரியில் ஆண்கள் கணிதத்தில் 9 புள்ளிகள் முந்தினர். வாசித்துப் பொருள் உணர்வதில் பெண்கள் 24 புள்ளிகள் முந்தினர். கணிதத்திலேயே பெண்கள் முந்திய நாடுகளும் உள. நாட்டுக்கு நாடு மாறும் ஒன்றைப் பிறவிக் குணமென்று எவ்வாறு கூறுவது?

நம் நாட்டு நீட் தேர்வையும் எடுத்துக்கொள்வோம். 2023-ஆம் ஆண்டு அதில் தகுதி பெற்றோர் 11,45,976 பேர். அவர்களுள் பெண்கள் 6,55,599, ஆண்கள் 4,90,374. அத்தேர்விலும் பௌதிகம் உண்டு, இரசாயனம் உண்டு. அவ்வாண்டின் மே மாதத்திலேயே வெளிவந்த சிவில் சர்வீஸ் தேர்வு முடிவில் முதல் நான்கு இடங்களையும் பெண்களே பெற்றனர். ஆயினும் தேர்வு பெற்ற 933 பேரில் ஆண்கள் 613, பெண்கள் 320. உச்சியில் நிற்கும் ஆற்றல் பெண்ணிடம் உண்டு என்பதற்கு முதல் நான்கு இடங்கள் சான்று. மொத்தத் தொகையில் பெண்கள் குறைவாயிருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

தேர்வு எழுதுவோர் யார்?

எந்தத் தேர்ச்சி விகிதத்தைக் கண்டாலும், தேறியவர் எத்தனை பேர் என்று பார்க்குமுன் எழுதியவர் யார் என்று பார்த்தல் வேண்டும். இதற்கு நாம் வாழும் மேற்கு வங்காளமே நல்ல பாடம். இங்கு நடைபெறும் மாத்யமிக் பரீட்சையில் மற்ற மாநிலங்களுக்கு மாறாக, மாணவரின் தேர்ச்சி விகிதமே மாணவியரின் விகிதத்தைவிட உயர்ந்திருப்பதைக் காண்கின்றோம். வங்காளப் பெண்களுக்கு அறிவு குறைவென்று இதற்குப் பொருளாகுமா? அதே பட்டியலில் வேறொரு எண்ணும் இருக்கின்றது. பரீட்சை எழுதும் பெண்களின் தொகை ஆண்களின் தொகையைவிட மிக அதிகம்.

2013-ஆம் ஆண்டு இம்மாநிலத்தில் தொடங்கப்பெற்ற கன்யாஸ்ரீ திட்டம், பதினெட்டு வயது வரை மணம் முடியாமல் படிப்பைத் தொடரும் பெண்ணுக்கு 25,000 ரூபாய் வழங்குகின்றது. முன்னர் எட்டாம் வகுப்போடு நின்றிருக்கக்கூடிய ஏழை வீட்டுப் பெண்கள் பலர் இன்று பரீட்சைக் கூடம் வரை வருகின்றனர். அதே ஏழை வீட்டுப் பையன்களுள் பலர் அதற்குள் வேலை தேடி வெளியேறிவிடுகின்றனர். எஞ்சி நின்று எழுதும் பையன்கள் சற்று வசதியுடையோர். ஆகவே, பையன்களின் விகிதம் உயர்ந்து தோன்றுகின்றது. பட்டியலிலேயே இடம்பெறாத பையனின் கதை அவ்விகிதத்தில் சேருவதில்லை.

ஐ.ஐ.டி. தேர்வில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் நம் வீடுகளில் என்ன நிகழ்கின்றது? கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண்ணையும், "டாக்டருக்குப் படி, இல்லாவிட்டால் பி.காம். படி" என்று திருப்பிவிடுகின்றோம். இரண்டாண்டுப் பயிற்சி நிலையத்துக்கு இலட்சக்கணக்கில் கட்டவேண்டும் என்றால், பையனுக்குக் கடன் வாங்கியேனும் கட்டுகின்றோம். பெண்ணுக்கு என்றால், அந்தத் தொகை கல்யாணத்துக்கு உதவுமே என்று கை தயங்குகின்றது. கோட்டா நகருக்குப் பையனை அனுப்புவோம். பெண்ணை அனுப்ப அஞ்சுவோம். இவ்வாறு எழுதுவோரிலேயே பெண்கள் குறைவு. எழுதுவோருள்ளும் முழுப் பயிற்சி பெற்ற பெண்கள் இன்னும் குறைவு. அதனால் எழுதும் பெண்களுள் தேறுவோர் விகிதமும் தாழ்கின்றது. முடிவு வந்ததும், பெண்ணுக்குக் கணக்கு வராது என்று தீர்ப்புக் கூறுகின்றோம்.

2018-ஆம் ஆண்டு முதல் ஐ.ஐ.டி.களில் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. ஆண்களுக்குரிய இடம் எதுவும் குறைக்கப்படவில்லை. 2020-க்குள் சேர்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு பெண்களாயிருக்க வேண்டும் என்பது நோக்கம். வாசல் திறந்திருக்கின்றது. வாசல்வரை பெண்ணைக் கொண்டு விடுவது நம் பொறுப்பு.

வாசல் மூடியிருந்த காலம்

இன்று திறந்திருக்கும் வாசல் ஒரு காலத்தில் அடைக்கப்பட்டிருந்தது என்பதையும் நம் பெண்கள் அறிதல் நலம். நாம் குடியேறி வாழும் இம்மாநிலத்திலேதான் அக்கதவு முதலில் திறந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1878-இல் பெண்கள் பரீட்சை எழுத இசைந்தது. 1883-இல் பெத்யூன் கல்லூரி மாணவியரான சந்திரமுகி பாசுவும் காதம்பினி பாசுவும் பி.ஏ. பட்டம் பெற்றனர். சந்திரமுகி மறு ஆண்டே எம்.ஏ.யும் ஆனார். ஆங்கில நாட்டின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920-இல். கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் வழங்கியது 1948-இல்.

இரயில்வேக் குடும்பங்கள் நினைவிற்கொள்ள வேண்டிய பெயர் மற்றொன்றும் உண்டு. சென்னையில் பிறந்த அய்யலசோமயாஜுல லலிதா, பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். கையில் பச்சிளங் குழந்தை. அந்நிலையில் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் சேர்ந்து, 1940-களில் மின்பொறியியற் பட்டம் பெற்றார். அக்கல்லூரியின் பட்டச் சான்றிதழ்கள் ஆண்களை எண்ணியே அச்சிடப்பட்டிருந்தமையால், 'அவன்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை அடித்து 'அவள்' என்று கையால் திருத்தி வழங்கினார்கள். செய்முறைப் பயிற்சியை அவர் ஓராண்டுக் காலம் பெற்றது ஜமால்பூர் இரயில்வே பட்டறையில். பின்னர் கல்கத்தாவில் நெடுங்காலம் பொறியாளராகப் பணிபுரிந்தார். ஒரு பெண்ணைப் பொறியியற் கல்லூரிக்கு அனுப்பத் துணிந்தவர் அங்கே பேராசிரியராயிருந்த அவருடைய தந்தையார். வீட்டார் துணிந்தபோது ஆற்றல் வெளிப்பட்டது.

வினாத்தாளின் வகை

எழுதுவோர் யார் என்பதோடு, எவ்வகைத் தேர்வு என்பதும் கணக்கில் வரும். பள்ளிப் பரீட்சை விரிவாக விடை எழுதுவது. ஆண்டு முழுவதும் ஒழுங்காகப் படித்தவருக்கு ஏற்றது. நுழைவுத் தேர்வுகளோ பெரும்பாலும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. தவறான விடைக்கு மதிப்பெண் பிடிக்கப்படும். இத்தகைய தேர்வில், உறுதியாகத் தெரியாத வினாவை ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக விட்டுச் செல்கின்றனர் என்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் 2010-களில் கல்லூரி நுழைவுத் தேர்விலிருந்து இத்தண்டனையை நீக்கியபோது, பெண்கள் விட்டுச் சென்ற வினாக்களுக்கும் ஆண்கள் விட்டுச் சென்றவற்றுக்கும் இடையிலான வேற்றுமை பெருமளவு குறைந்துவிட்டது.

இதன் கணக்கை நம் பெண்கள் ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தல் வேண்டும். நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறுக்கு 1 குறையும். நான்கு விடைகளுள் இரண்டு நிச்சயமாகத் தவறு என்று தெரிந்து, மற்ற இரண்டில் ஐயம் இருக்கின்றதென வைத்துக்கொள்வோம். இத்தகைய இரு வினாக்களுக்குத் துணிந்து விடையளித்தால், ஒன்று சரியாகவும் ஒன்று தவறாகவும் அமையும் என எதிர்பார்க்கலாம். வரவு 4, செலவு 1, மிச்சம் 3. இத்தகைய 20 வினாக்களை அச்சத்தால் விட்டுவிடும் பெண், சராசரியாக 30 மதிப்பெண்ணை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வருகின்றாள்.

நம் இரயில்வேத் தேர்வாணைய வினாத்தாளில் சரியான விடைக்கு 1 மதிப்பெண். தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரே ஒரு விடையைத் தவறென்று நீக்க முடிந்தாலும் இலாபப் பக்கமே சாயும். இது சூதாட்டமன்று, கூட்டல் கழித்தல். பெண்ணுக்குச் சிறுவயது முதல் "தெரியாவிட்டால் வாயைத் திறக்காதே" என்று கற்பித்த வீடு, தேர்வுக் கூடத்தில் அவள் கை துணியவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

வீட்டின் கடிகாரம்

மத்திய சர்க்கார் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஆறு வயதுக்கு மேற்பட்டோர் ஒரு நாளை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று ஆராய்ந்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டனர். ஆண்களுள் அவ்வேலையில் ஈடுபட்டோரே நூற்றுக்கு 26 பேர்தான்; அவர்கள் செலவிட்ட நேரமோ 97 நிமிடம்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் இந்தப் பாரம் இன்னும் சற்று அதிகம். ஊரிலென்றால் பாட்டி உண்டு, அத்தை உண்டு, சித்தி உண்டு. இங்கே தாய்க்கு உடல்நலம் குன்றினால் அடுப்படியில் நிற்பவள் மூத்த பெண். தாய்க்கு வங்காளியும் இந்தியும் சரிவரப் பேச வராவிட்டால், ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும் துபாஷியாகச் செல்பவளும் அவளே. இத்தனைக்குப் பிறகும் பள்ளிப் பரீட்சையில் அவள் தம்பியை முந்துகின்றாள் என்றால், அது பாராட்டுக்குரியது. பள்ளிப் பாடத்துக்குக் கிடைத்த நேரத்தைச் சிக்கனமாகச் செலவிட்டுச் சமாளிக்கலாம். நுழைவுத் தேர்வுக்கு நாள்தோறும் தடையில்லாத நான்கைந்து மணி நேரம் தேவை. அந்நேரத்தை வீடு கொடுக்கவில்லையெனில் வேறு எவரும் கொடுக்க முடியாது.

பையன்களைப் பற்றியும் ஒரு சொல்

பெண்களுக்காகப் பேசுவதால் பையன்களை மறந்துவிட்டோம் என்று எவரும் எண்ண வேண்டாம். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் 2025-இல் நூறு மாணவருள் பதினான்கு பேருக்கு மேல் தேறவில்லை. மாணவியருள் அத்தொகை எட்டைச் சற்றே கடந்தது. "விளையாட்டுப் பிள்ளை, நாளடைவில் தானே திருந்திவிடுவான்" என்று நாம் விட்டுவிடும் பையன்கள் இவர்களிடையேதான் இருக்கின்றனர். பெண் ஏன் தாமதமாக வந்தாள் என்று கேட்கும் தந்தை, பையன் எங்கே இருந்தான் என்று கேட்பதில்லை. பெண்ணின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் தாய், பையனுடையதைக் கேட்டால் அவன் கோபிப்பான் என்று ஒதுங்குகின்றாள்.

முற்காலத்தில் தந்தையின் அலுவலகத்திலேயோ, ஒரு பெரியவரின் சிபாரிசினாலேயோ ஏதேனும் ஒரு வேலை கிடைத்துவிடும். இன்று கடைநிலைப் பதவிக்கும் இலட்சக்கணக்கானோர் தேர்வெழுதுகின்றனர். சொந்த நிலமும் உறவினர் துணையும் இல்லாத அயலூரில், பன்னிரண்டாம் வகுப்பில் தவறிய தமிழ்ப் பையனுக்குப் பிடிமானம் என்ன இருக்கின்றது? நாள்தவறாமல் உட்கார்ந்து படிக்கும் ஒழுங்கைப் பெண்ணிடம் கண்டிப்பாக வளர்த்தோம், அவள் முந்தினாள். அதனைப் பையனிடம் வளர்க்கத் தவறிய வீட்டில் அவன் பிந்தினான். பொருளும் துணிவும் பையனுக்குத் தந்தோம். நுழைவுத் தேர்வில் அவன் முந்தினான். அவற்றைப் பெண்ணுக்குத் தரவில்லை, அவள் பிந்தினாள். இரு பட்டியல்களிலும் பெரும்பாலும் நாம் இட்ட முதலே மதிப்பெண்ணாகத் திரும்பி வருகின்றது.

செய்யக்கூடியவை

ஆகவே, குடும்பத்தினர் முன் சில யோசனைகளை வைக்கின்றோம். மாலையில் ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை வீட்டிலுள்ள பிள்ளைகள் அனைவரும், ஆணாயினும் பெண்ணாயினும், படிப்பு மேசையிலேயே இருக்கட்டும். அந்நேரத்தில் தண்ணீர் கொண்டுவா, தம்பிக்குத் தோசை வார்த்துக் கொடு என்று பெண்ணை அழைக்க வேண்டாம். பாத்திரம் கழுவுவதும் கடைக்குச் செல்வதும் முறைவைத்து இருவருக்கும் உரியதாகட்டும்.

பத்தாம் வகுப்பு முடிவில் எப்பாடத்தை எடுப்பது என்று தீர்மானிக்கும்போது, மதிப்பெண் பட்டியலை முன்னே வைத்துப் பேசுங்கள். கணிதத்தில் வல்ல பெண்ணுக்குக் கணிதத்தையே கொடுங்கள். பயிற்சிக் கட்டணம் ஒருவருக்குத்தான் கட்ட இயலும் என்றால், இருவரையும் ஒரே மாதிரித் தேர்வு எழுதச் செய்து, தகுதி கண்டு கட்டுங்கள். சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் பெண்கள் விண்ணப்பக் கட்டணமே செலுத்த வேண்டியதில்லை. வேறு தேர்வுகளிலும் சலுகைகள் உண்டு. விண்ணப்பம் செய்யாமல் அவற்றைத் தவறவிட வேண்டாம்.

இறுதியாக, நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலைகளில் சங்கக் கூடம் காலியாகவே இருக்கின்றது. பழைய வினாத்தாள்களைப் படியெடுத்து, கடிகாரம் வைத்து, தவறுக்கு மதிப்பெண் பிடித்து, வாரம் ஒரு மாதிரித் தேர்வு நடத்தலாம். இருட்டியபின் பயிற்சி நிலையத்துக்கு அனுப்ப அஞ்சும் பெற்றோர், தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்துக்குக் காலையில் பெண்ணை அனுப்பத் தயங்கமாட்டார்கள். கணிதம் கற்ற அன்பர்கள் சிலர் முன்வந்தால் போதும்; தாள் திருத்தும் வேலையையும் கணக்கு வைக்கும் வேலையையும் நாம் ஏற்றுக்கொள்கின்றோம். அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கின்றோம். பெற்றோர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், அன்று அவசியம் வந்து ஆதரவளிக்குமாறு வேண்டுகின்றோம்.